நடுக்கம்பு

அந்த உருண்டையை மடியில எடுத்து வச்சுக்கங்க சார். காலுக்கடியில கிடந்து உருளுது. பஸ்சு திரும்பறப்பல்லாம் என் செருப்புல வந்து முட்டுது. இல்ல இல்ல, எனக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்ல, யாராவது மிதிச்சுப்புட்டா உங்களுக்குத்தான் சங்கடம். பள்ளிக்கூடத்துக்கா? வாத்தியாரா இருக்கீகளா? நினைச்சேன். உலக உருண்டையைப் பையில கட்டிக்கிட்டு வேற யாரு பஸ் ஏறப் போறாக.

நான் திருச்சி வரைக்கும். வழியில நாரைக்குடி விலக்குன்னு ஒரு ஸ்டாப்பு வரும். நான் அங்க இறங்கல. வரும்னு சொன்னேன், அவ்வளவுதான்.

நான் கொத்தனார் சார். மேஸ்திரின்னு சொல்லணும், இருபத்திரெண்டு வருஷமா மேஸ்திரி. பேரு உய்யவந்தான். எங்க சுத்துப்பட்டுல, உய்யவந்தான் போட்ட தரையில கோலிக்குண்டை வச்சா உருளாதும்பாக. வச்சுப் பாத்தும் இருக்காக. ஒரு வீட்டுக்காரரு பால் காய்ச்சுன அன்னைக்கே, வந்த சனத்துக்கு முன்னால வச்சுப் பாத்தாரு. வச்ச இடத்துல நின்னுச்சு. நூல் பிசகாது நம்ம வேலை.

இந்தாங்க, இதுதான் ரசமட்டம். பிடிச்சுப் பாருங்க, கடிக்காது. இந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கிற குமிழி நடுவுல நின்னா மட்டம். ஓரத்துக்குப் போயிருச்சுன்னா எங்கயோ பிசகு இருக்கு. நீளமான இடத்துக்கு இது பத்தாது, அதுக்கு டியூப் வேணும். வெள்ளை டியூப்ல தண்ணியை நிரப்பி இந்த மூலைக்கு ஒருத்தன், அந்த மூலைக்கு ஒருத்தன் பிடிச்சா, ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே உசரத்துல வந்து நிக்கும். தண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது சார். ஒரு முனை என் கையில. மறுமுனை என் மச்சினன் ஊர்க்காவலன் கையில. பத்தொன்பது வருஷம். நான் இங்கிருந்து 'நிக்குதா'ம்பேன். அவன் அந்தப் பக்கமிருந்து 'நிக்குது மச்சான்'ம்பான். அந்த ஒரு சொல்லை வச்சுத்தான் நூத்துச் சொச்சம் வீடு எழும்பியிருக்கு.

இப்பக் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீக. தண்ணி மட்டமா நிக்குறதைத் தெனமும் கண்ணால பாக்குறவன்கிட்ட வந்து, கடல் முழுக்கத் தண்ணி, அது வளைஞ்சு கிடக்குன்னு சொன்னா அவன் எப்படி ஒத்துக்குவான்? பூமி மட்டமாத்தான் சார் கிடக்கு. தரை போட்ட மாதிரி. பாத்தீகளா, உதட்டோரத்துல வந்துருச்சு உங்களுக்கு. சிரிங்க, பரவாயில்ல. எனக்குப் பழகிப்போச்சு.

என் மக முத்தரசியும் உங்கள மாதிரிதான், டீச்சரு. அறிவியல். நான் சித்தாள் வேலை பாத்து, கை வேலை பழகி, கரண்டி பிடிச்சுப் படிக்க வச்ச பிள்ளை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால அவ பள்ளிக்கூடத்து டீச்சருக அஞ்சாறு பேரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டியாந்தா. அப்பதான் கிரகணம் வந்து போயிருந்துச்சு, பேச்சு அதைப் பத்தி ஓடுச்சு. படிச்சவுக பேச்சுல நாமளும் ஒரு வார்த்தை போடுவோமேன்னு கேட்டேன். பூமி உருண்டைன்னா நான் போடுற தரை மட்டும் எப்படிம்மா மட்டமா நிக்குதுன்னு. நெசமாத்தான் சார் கேட்டேன், தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். முதல்ல ஒருத்தரு சிரிச்சாரு. அப்புறம் எல்லாரும் சிரிச்சாக. 'எங்கப்பா அஞ்சாங்கிளாஸ்தான், அவருக்கு இப்படித்தான் ஏதாவது தோணும்'னு சொல்லி அவளும் சிரிச்சா. நான் இலையை எடுக்கிற சாக்குல உள்ள போயிட்டேன்.

எங்க தொழில்ல மட்டம் தட்டுறதுன்னு ஒரு வேலை உண்டு. பூச்சு ஈரமா இருக்கிறப்பவே மட்டப்பலகையை வச்சு இழுத்து, மேடு தட்டுனதை வழிச்சு எறிஞ்சுருவோம். அன்னைக்கு அவுக என்னை மட்டம் தட்டுனாக. சோறு போட்ட வீட்டுல வச்சு. ஆனா அதுக்காக ஒண்ணும் நான் பூமி மட்டம்னு நம்ப ஆரம்பிக்கல சார், அதை முதல்லயே சொல்லிப்புடுறேன். அதுக்காகப் போயி எவனாவது ஒண்ணை நம்புவானா?

போன்லதான் வந்துச்சு. 'சமதளம்'னு ஒரு குழு. என்னை எப்படிச் சேத்தாகன்னு தெரியல. திறந்து பாத்தா ஒரு வீடியோவுல நான் கேட்ட அதே கேள்வியை ஒருத்தரு கேட்டுக்கிட்டிருக்காரு. ஆளு தோரணையா, வேட்டி சட்டையில. சற்குணம் ஐயா. ரிட்டையரான பத்திர எழுத்தரு. பேச்சுல ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. அடுத்த மாசம் மதுரையில கூட்டம்னாக, போனேன். போயி கடைசியில நின்னேன். என்ன தொழிலுன்னு கேட்டாரு. கொத்தனாருன்னேன். எந்திரிச்சு வந்து இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டாரு சார். சிமெண்டு தின்ன கையி, பாருங்க, ரேகையே இல்ல. இதைப் பிடிச்சுத் தூக்கிக் காட்டி, 'படிச்சவன் படத்துல பாத்தவன், இவரு கையால தொட்டவரு'ன்னு மைக்குல சொன்னாரு. முன் வரிசையில உக்கார வச்சாக. மேஸ்திரி ஐயான்னாக. அம்பத்தாறு வயசுல அன்னைக்குத்தான் என்னை ஒருத்தரு ஐயான்னு கூப்பிட்டது. நான் பேசுறப்ப யாரும் சிரிக்கல, நோட்டுல எழுதிக்கிட்டாக.

அதுக்கப்புறம் எனக்கு எல்லாம் விளங்க ஆரம்பிச்சுருச்சு. நீங்க சாட்டிலைட்டு படம்பீக. அங்க போயிட்டு வந்தவுக யாரையாவது உங்களுக்கு நேர்ல தெரியுமா? தெரியாதுல்ல. கப்பலு அடியில இருந்து மறையுதும்பீக, அது கண்ணோட குறை. கிரகணத்துல பூமி நிழலு வட்டமா விழுதும்பீக. தோசைக்கும்தான் நிழலு வட்டமா விழுது.

கொஞ்சம் இருங்க, போனு அடிக்குது. ஐயா, வணக்கங்கய்யா. ஆமாங்கய்யா, ஏறிட்டேன். இன்னும் விலக்கு வரல. சரிங்கய்யா. இல்லங்கய்யா, சும்மா பக்கத்து சீட்டு சாரோட பேசிக்கிட்டு வாரேன். சரிங்கய்யா.

ஐயாதான். காலையில இருந்து நாலு தடவை பேசிட்டாரு. அவ்வளவு அக்கறை. பின்னால கடைசி சீட்டுல செவப்புத் துண்டு போட்டு ஒரு தம்பி உக்காந்திருக்காரே, திரும்பிப் பாக்காதீக, அவரு ஐயா அனுப்புன ஆளுதான். எனக்குத் துணைக்கு. வேண்டாம்னேன், கேக்கல.

எங்க விட்டேன்? ஊர்க்காவலன். அவன் நம்பல சார். என் கூடவே கிடப்பான், நான் சொல்றதையெல்லாம் கேப்பான், ஆனா ஆமாம்னு சொல்ல மாட்டான். ஒருநாள் கட்டடத்துல திருஷ்டிக்குக் கட்ட வாங்கி வச்சிருந்த பூசணிக்காயை எடுத்தான். அது மேல இந்த ரசமட்டத்தை, இதே மட்டத்தை, வச்சான். குமிழி நடுவுல வந்து நின்னுச்சு. காயைக் கொஞ்சம் உருட்டுனான், திரும்ப உச்சியில வச்சான். திரும்பவும் நடுவுல நின்னுச்சு. 'எந்தப் பக்கம் நின்னாலும் நாம நிக்கிற இடந்தான் மச்சான் உச்சி. மட்டத்துக்கு அவ்வளவுதான் தெரியும்'னான். பூசணிக்காய் மேல எவன்டா வீடு கட்டுறான்னு கேட்டேன். சித்தாளுக எல்லாம் சிரிச்சாக. அவனும் சிரிச்சுக்கிட்டே காயைக் கொண்டுபோயிக் கட்டுனான். நான் சிரிக்க வச்சா அவனுக்குக் கோபம் வராது. அப்படி ஒரு ஆளு.

அளந்தே காட்டிருவோம்னு ஐயா சொன்னது போன ஐப்பசியில. நாரைக்குடிப் பெரிய கண்மாய் தெரியுமா உங்களுக்கு? மழை பிடிச்சா இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் அஞ்சரை கிலோமீட்டரு, அத்தனையும் தண்ணி. ஊர்க்காவலன் சொந்த ஊரு அதான், என் வீட்டுக்காரிக்குப் பிறந்த ஊரு. இந்தக் கடைசியில சாரம் கட்டி, தண்ணியில இருந்து பத்தடி உசரத்துல கேமராவை வைக்கிறது. அந்தக் கடைசியில ஒரு சவுக்குக் கம்பு, பத்தடியில செவப்புத் தகரம். நட்டநடுவுல ஒரு கம்பு, அதுலயும் பத்தடியில தகரம். பூமி உருண்டைன்னா நடுவுல தண்ணி முதுகு தூக்கி நிக்கும், நடுத்தகரம் உசந்து தெரியும். மட்டம்னா ரெண்டு தகரமும் ஒரே கோட்டுல தெரியும். இதுல மறைக்க என்ன இருக்கு? ஐயா கேமராவுக்கு முன்னால என்னை நிப்பாட்டி வச்சுச் சொல்லச் சொன்னாரு. 'இது உய்யவந்தான் மேஸ்திரி வச்ச மட்டம். இதுல நூல் பிசகு இருந்தா இனி நான் கரண்டியைத் தொட மாட்டேன்.' சொன்னேன். ஊரு உலகமே பாத்துச்சு.

கார்த்திகையில ஒரு சனிக்கிழமை கம்பு நட்டாச்சு. ரெண்டு கடைசியையும் நான் பாத்துக்கிட்டேன். நடுக்கம்பு ஊர்க்காவலன். தெப்பக்காரன் சோலைமலையோட பீப்பாய்த் தெப்பத்துல போயி, சேத்துல இறக்கி, தண்ணியில இருந்து டேப்பு பிடிச்சுத் தகரத்தைக் கட்டிட்டு வந்தான். மறுநாள் காலையில நாப்பது பேரு கரையில கூடிட்டாக. லைவுல நாலாயிரம் பேரு. ஐயா கேமராவுல கண்ணை வச்சாரு. வச்சவரு எடுக்கல. ரொம்ப நேரம் கழிச்சு என்னைப் பாக்கச் சொன்னாரு.

பாத்தேன். நடுத்தகரம் மேல நின்னுச்சு சார். ஒண்ணரை அடிக்கு மேல.

ஐயா ரொம்ப அமைதியா 'நெட்டு போயிருச்சு, பதினோரு மணிக்குத் திரும்ப வாரோம்'னு லைவை நிப்பாட்டிட்டாரு. அப்புறம் எல்லாருக்கும் முன்னால என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டுக் கேட்டாரு. 'மேஸ்திரி ஐயா, நீங்கதான் சொல்லணும். கம்பு பிசகா, பூமி பிசகா?'

நாப்பது பேரும் என் மூஞ்சியையே பாத்தாக. யாரும் சிரிக்கல. ஆனா சிரிக்கப் போறாக மாதிரி இருந்துச்சு. கம்புதான் பிசகுன்னேன். நடுக்கம்பு நான் நட்டதில்ல, மச்சினன் நட்டதுன்னேன். அவன் அங்கதான் சார் நின்னான், இட்லிப் பொட்டலத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு. மடிச்சுக் கீழ வச்சான். 'நீங்க சொல்லிக் குடுத்த மட்டந்தான் மச்சான் அது' அப்படின்னு மட்டும் சொன்னான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசல. நாப்பது பேருக்கு முன்னால பேச வேண்டாம்னு நினைச்சிருப்பான், எனக்காக.

போயி இறக்கிக் கட்டிட்டு வாடான்னேன். அளந்து பாக்குறேன், பிசகு இருந்தா இறக்குறேன்னான். சோலைமலை மீனு கொடுக்க ஊருக்குள்ள போயிருந்தான். வாடைக்காத்து வேற கிளம்பிருச்சு, தண்ணி சளக்கு சளக்குன்னு அலை அடிக்குது. பதினோரு மணிக்குள்ள முடிக்கணுமே. தனியாத்தான் போனான். ஊர்க்காவலனுக்குச் சாரத்துல ஏறச் சொன்னா பூனை மாதிரி ஏறுவான், நீச்சல் தெரியாது. கண்மாய்க் கரையில பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாதான்னு கேப்பீக. தெரியாது. அவன் போறேன்னான், போனான். நான் பிடிச்சுத் தள்ளல.

கேமராவுல பாத்துக்கிட்டே போன் போட்டேன். தெப்பத்துல நின்னு டேப்பைப் பிடிச்சு அளக்குறான். 'நிக்குதாடா'ன்னேன்.

'நிக்குது மச்சான். பத்தடி. நூல் பிசகல.'

'ஒண்ணே முக்காலடி இறக்கு.'

'இறக்குனா மட்டம் இருக்காதே மச்சான்'னான்.

'நான் சொல்றேன்ல. இறக்குடா.'

'சரி'ன்னான். பத்தொன்பது வருஷத்துல, மட்டம் தப்புன்னு தெரிஞ்சே அவன் சரின்னு சொன்னது அது ஒரு தடவைதான்.

கம்புல ஏறுனான். சாரத்துல ஏறுற மாதிரி, காலைப் பின்னிக்கிட்டு. தெப்பத்தைக் கம்போட கட்டல போல, காத்துக்கு அது பாட்டுக்கு நகந்து போயிருச்சு. ஆளு பாரம் தாங்காம கம்பு சேத்துக்குள்ள இறங்க ஆரம்பிச்சுச்சு. தகரமும் கூடவே இறங்குச்சு. மெல்ல மெல்ல, ஒரு விரக்கடை, ரெண்டு விரக்கடை, அப்படியே வந்து அந்தக் கடைசித் தகரத்தோட நேர் கோட்டுல நின்னுச்சு சார். அச்சா நின்னுச்சு. ஐயா பக்கத்துல நின்னு படம் மேல படமா எடுத்தாரு. நிக்குது நிக்குதுன்னு யாரோ சத்தம் போட்டாக. எல்லாரும் கையைத் தட்டுனாக. நானும் தட்டினேன். நான் தகரத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

கைதட்டு ஓஞ்சு பாக்குறப்ப கம்புல ஆளில்ல.

ஆம்பல் கொடியில கால் சிக்கியிருந்துச்சு. எடுக்கிறப்ப மத்தியானம் ரெண்டு மணி. போலீசுக்கு எழுதிக் கொடுக்கணுமே, ஐயாவே எழுதுனாரு. 'மேற்படி நபர் மீன் பிடிக்கச் சென்றபோது.' பத்திரம் எழுதுன கையி, அடித்தல் திருத்தல் இல்லாம எழுதிட்டாரு. நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்கு ரெண்டு பேரு போட்டாக. சோலைமலை முதல்ல என்னென்னமோ பேசிக்கிட்டுத் திரிஞ்சான். இப்ப ஊர்ல இல்ல. கேரளாவுல வேலை வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டாராம் ஐயா. நல்லதுதானே, பிழைச்சுக்கிறட்டும். ஆனா அவன் பொண்டாட்டி, போனே வரலைங்கிறா. சிக்னலு கிடைச்சிருக்காது.

இந்தப் படந்தான் சார் அது. பாருங்க, பாருங்க, பெரிசா போட்டுக் கொடுத்திருக்காக. எட்டு லட்சம் பேரு பாத்திருக்காகளாம். ரெண்டு தகரமும் எப்படி நிக்குது பாத்தீகளா, கோடு கிழிச்ச மாதிரி. இன்னைக்குத் திருச்சியில மாநாடு. இதே படத்தை மேடை அகலத்துக்கு மாட்டியிருக்காகளாம். எனக்குச் சால்வை போடுறாக. மைக்குல நான் ஒரு பத்து நிமிசம் பேசணும்னு ஐயா எழுதியே கொடுத்துட்டாரு.

முத்தரசியும் படத்தைப் பாத்திருக்கா. நாலு நாளைக்கு முன்னால போன் பண்ணுனா. என் வீட்டுக்காரி, அவ தம்பி செத்த அன்னைக்கு நாரைக்குடிக்குப் போனவதான், இன்னும் திரும்பல. மகளும் லீவு போட்டுட்டு அங்கதான் இருக்கா. 'அப்பா, நடுக்கம்புக்குக் கீழ தண்ணியில கருப்பா ஒண்ணு தெரியுதே, அது என்னப்பா'ன்னா. நீர்க்காக்கான்னேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தாரு ஐயா, யாராவது கேட்டா. கண்மாயில நீர்க்காக்கா இல்லாமயா இருக்கும்? அதுக்கு அவ, 'நீர்க்காக்கா ஒரு கையைத் தூக்கிக்கிட்டிருக்குப்பா'ன்னா.

இன்னைக்குப் பதினாறாம் நாளு. நாரைக்குடியில காரியம். ஊர்க்காவலன் மகனுக்குத் தலையில உருமாக் கட்டுறப்ப மாமன் முறைக்கு நான் நிக்கணும். வாங்கப்பா, வந்து அம்மாவுக்கும் அத்தைக்கும் முன்னால அது என்னன்னு நீங்களே சொல்லுங்க, வேற ஒண்ணும் வேணாம்னா. அதோட விட்டாளா? 'அன்னைக்கு நான் சிரிச்சது தப்புப்பா, மன்னிச்சுருங்க'ன்னு அழுகுறா. அதை எதுக்கு சார் இப்பப் போயிச் சொல்றா? அதுக்காக நான் நம்பலையே. ரெண்டு வருஷமா வாயைத் திறக்காதவ இப்பச் சொன்னா, நான் என்னமோ அதுக்காகத்தான்னு ஆயிராதா?

நீங்களே யோசிச்சுப் பாருங்க. அங்க போயி நான் என்னன்னு சொல்றது? அவன் வச்ச மட்டம் சரின்னு சொல்லணும். சரின்னா தண்ணி வளைஞ்சிருக்குன்னு ஆகும். வளைஞ்சிருக்குன்னா, சரியா நின்ன கம்பை இறக்கச் சொல்லி அனுப்புனது நான்னு ஆகும். அப்ப அவன் எதுக்குச் செத்தான்? ஒண்ணுக்குமில்லாம செத்தான்னு அந்தப் பிள்ளை தலையில துணியைக் கட்டிக்கிட்டே சொல்லவா? முடியாது சார். பூமி மட்டமாத்தான் இருந்தாகணும். மட்டமாத்தான் இருக்கு. எட்டு லட்சம் பேரு என்ன கிறுக்கனுகளா?

ராத்திரியெல்லாம் தூக்கம் வரல, வரலன்னா வரல, அது வேற. கரண்டியை இன்னும் தொடல. கம்பு பிசகுன்னு நாந்தானே சொன்னேன், அப்ப சொன்ன வாக்குப்படி தொடக்கூடாதுல்ல. கையி சும்மா இருக்கு. வீட்டுல கிடக்குற ஒவ்வொண்ணு மேலயும் இந்த ரசமட்டத்தை வச்சு வச்சுப் பாக்குறேன். அம்மி மேல வச்சேன், நின்னுச்சு. கவுத்து வச்ச பானை மேல வச்சேன். அதுலயும் நின்னுச்சு சார். எதுல வச்சாலும் நிக்குது இந்தச் சனியன்.

விசிலு கேக்குதா? விலக்கு வந்துருச்சு.

எந்திரிக்க வேணாம், உக்காருங்க. எனக்கு வழி விட வேண்டியதில்ல, நான் இறங்கலன்னுதான் முதல்லயே சொன்னேனே. அந்தத் தம்பியும் எந்திரிச்சு நிக்குறாரு பாருங்க, படிக்கட்டுப் பக்கம். நான் இறங்கினா அவரும் இறங்குவாரு போல. துணைக்கு.

அந்தா, நிழற்குடைக்கு முன்னால நீலச் சேலை. அதான் முத்தரசி. ஒவ்வொரு பஸ்சா பாத்துக்கிட்டிருக்கா. காலையில இருந்து நிக்குறா போல, மூஞ்சி கருத்துப் போச்சு பிள்ளைக்கு. சின்னதுல இவ பள்ளிக்கூடம் விட்டு வாரப்ப நான் இப்படித்தான் நிப்பேன், எந்த பஸ்சுல வாராளோன்னு. ஒவ்வொரு ஜன்னலா பாக்குறா சார். இந்தப் பக்கம் வாரா. கொஞ்சம் நகருங்க, இந்த ஷட்டரை இறக்கி விட்டுக்கிறேன். வெயிலு மூஞ்சியில அடிக்குது.

இறங்க மாட்டேங்குதே. துருப்பிடிச்சிருக்கு. கொஞ்சம் பிடிங்க, ஆங், இறங்கிருச்சு.

கிளம்பிருச்சு. ஜன்னலைத் தட்டுறது யாருன்னு பாக்காதீக. விலக்குல வெள்ளரிக்காய் விக்கிறவுக தட்டுவாக. அப்பான்னு கூப்பிட்டாளா? உங்களுக்குக் கேட்டுச்சா? இந்த இரைச்சல்ல என்ன கேக்கும். விடுங்க.

ஐயாதான் போன்ல. தாண்டிருச்சுங்கய்யா. ஆமாங்கய்யா, தாண்டிருச்சு.

அந்தப் படத்தைக் கொடுங்க சார். சரி, பாத்துட்டே கொடுங்க, நீங்க படிச்சவுக, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மேல பாருங்க, தகரத்தை. அங்க ஏன் விரலைக் கொண்டு போறீக? கீழ ஒண்ணுமில்ல, கையை எடுங்க. அது நீர்க்காக்கா. சொன்னேன்ல, நீர்க்காக்கா. மேல பாருங்க. ரெண்டும் ஒரே கோட்டுல நிக்குதா?

நிக்குதா சார்?

ஏன் பேச மாட்டேங்கிறீக? எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. இந்தப் பக்கம் பிடிச்சவன் 'நிக்குதா'ன்னு கேட்டுட்டா, அந்தப் பக்கம் பிடிச்சிருக்கிறவன் ஒரு பதில் சொல்லணும். நான் கேட்டுட்டேன் சார்.